வீட்டுப் பாத்தி, சந்தைப் பாத்தி

நஞ்சு என்று தெரிந்தே பயிருக்கு மருந்து அடித்துவிட்டு, கேட்டவர்களிடம் அதை ஒளிக்காமல் சொல்லியும் விடுகிற ஒரு பெண்ணை நல்லவர் என்பதா, கெட்டவர் என்பதா? நான்கு வருடமாக இதற்கு எனக்குப் பதில் தெரியாது. பட்டப்படிப்பில் இதைப் பற்றி ஒரு பாடமும் இருக்கவில்லை. இருந்திருந்தால் கட்டாயம் குறிப்பெடுத்திருப்பேன். நான் அந்த ரகம்.

அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அவருடைய கத்தரிக்காயை ஒருவரும் வாங்கமாட்டார்கள். எழுதாமலே வாங்காத காலமும் ஒன்று வந்தது.

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில், செம்மண் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு வீட்டை நாங்கள் வாடகைக்கு எடுத்தபோது எனக்கு ஐந்தாம் மாதம். பக்கத்து வளவும் அதன் பின்னால் இருந்த தோட்டமும் அக்காவுடையவை. கணவர் இறந்து பல வருடம். ஒரே மகள் கலியாணம் முடித்துக் கொழும்பில் இருந்தாள். அக்கா தனியாகத் தோட்டம் செய்து, விடியப் பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கொண்டுபோய்த் தானே விற்றார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் அவருடைய தோட்டத்துக்கும் சேர்த்து எல்லையில் ஒரு பங்குக் கிணறு இருந்தது.

நாங்கள் வந்த இரண்டாம் நாளே வேலிக்கு மேலால் ஒரு பை நீண்டது.

"பிள்ளை, கறிக்கு வைச்சுக்கொள்ளும்."

திறந்து பார்த்தால் கத்தரிக்காயெல்லாம் ஓட்டை. முட்டைக்கோவாவின் இலைகளோ சல்லடை. வாடகைக்கு வந்தவர்களை இந்த ஊரில் இப்படித்தான் மதிப்பார்கள் போல என்று நினைத்தேன். "பெரிய உபகாரம் அக்கா" என்று சிரித்து வாங்கி, அன்று மாலையே குப்பைக் கிடங்கில் போட்டேன். மூன்று கிழமை, இருபது நாளுக்கு மேல், இப்படியே நடந்தது. அவர் தருவார், நான் நன்றி சொல்லுவேன், கிடங்கு சாப்பிடும். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு நல்ல சாமான் வேண்டுமே என்று ஸ்கூட்டியில் திருநெல்வேலிக்குப் போய், மினுங்குகிற கத்தரிக்காயாகப் பார்த்து வாங்கினேன்.

ஒரு சனிக்கிழமை வழக்கத்தை விட நேரத்தோடு போனேன். எண்ணெய் பூசியதுபோல மினுங்கிய ஒரு குவியலைக் கண்டு குனிந்து பொறுக்கத் தொடங்கினேன். நிமிர்ந்தால் குவியலுக்குப் பின்னால் அக்கா.

"உதைக் கீழை வையும்."

"ஏன் அக்கா?"

"வையும் எண்டுறன். நான் தந்தது எங்கை?"

"அது... முடிஞ்சுது."

"நேற்றுத் தந்தது இண்டைக்கு முடிஞ்சுதோ? வயித்துப் பிள்ளைக்காரி, உது உமக்கில்லை."

என் கையில் இருந்த காயைப் பறித்துக் குவியலில் போட்டார். எனக்குப் பின்னால் நின்ற ஐயா ஒருவர் அதே காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல காயாக் கிடக்கு."

"ஓம் ஐயா, நேற்றுப் பின்னேரம் ஆய்ஞ்சது" என்று சொல்லி அக்கா அதைத் தராசில் வைத்தார்.

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மருந்து அடித்ததா என்று அந்த ஐயா கேட்டிருந்தால் "ஓம், முந்தநாள் அடிச்சது" என்றும் சொல்லியிருப்பார். அப்படிக் கேட்ட ஒரு சிலருக்கு அவர் சொன்னதைப் பிறகு என் காதாலேயே கேட்டிருக்கிறேன். அவர்கள் "இப்ப ஆர்தான் அடிக்காமல் விடுறாங்கள்" என்று பெருமூச்சு விட்டு, இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு போனார்கள்.

அன்று பின்னேரம் என்னைத் தோட்டத்துக்குள் கூட்டிப் போனார். ஒரு அடி அகலமான மண் வரம்பு ஒன்று தோட்டத்தை இரண்டாகப் பிரித்தது.

"அங்காலை கிடக்கிறது சந்தைக்கு. இங்காலை கிடக்கிறது எங்களுக்கு. இதுக்கு மருந்தும் இல்லை, யூரியாவும் இல்லை. ஓட்டை இருக்கெண்டால் புழு திண்டு பாத்திட்டுத் தந்திருக்கு எண்டு நினைச்சுக்கொள்ளும். புழுவே வேண்டாமெண்ட சாமானை நாங்கள் ஏன் தின்னுவான்?"

எனக்குப் புல்லரித்தது. ஊரில் இரண்டு வருடமாவது இருந்து உழைத்துப் பெறவேண்டிய பதவி உயர்வை மூன்று கிழமையில், ஒரு பரீட்சையும் எழுதாமல் பெற்றிருந்தேன். அன்று முதல் ஓட்டைக் கத்தரிக்காய் எங்கள் வீட்டில் மரியாதையோடு சமைக்கப்பட்டது. குப்பைக் கிடங்கில் போட்ட மூன்று கிழமைச் சாமானை நினைத்து இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அந்த ஐயாவை நினைத்து வெட்கப்படுவதற்கு எனக்குப் பல மாதம் எடுத்தது.

அக்காவின் நேர்மை அப்படிப்பட்டது. யாரையும் ஏமாற்றமாட்டார். எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்துவிடுவார், அவ்வளவுதான். கோயில் பொங்கலுக்குப் பூசணிக்காய் கொடுக்கும்போதுகூட, படைப்பதற்கு ஒன்றை வீட்டுப் பாத்தியில் இருந்து பிடுங்குவார். அன்னதானத்துக்கு ஒரு சாக்கு நிறையச் சந்தைப் பாத்தியில் இருந்து போகும்.

"சுவாமிக்கு மருந்தடிச்சதைக் குடுக்கேலுமோ பிள்ளை?"

"அப்ப அன்னதானத்துக்கு?"

"அது ஆக்களுக்குத்தானே."

ஆக, வரம்புக்கு இந்தப் பக்கம் நாங்கள் நான்கு பேர். அக்கா, அவருடைய மகள், நான், முருகப்பெருமான். மற்ற எல்லோரும் அந்தப் பக்கம்.

மருந்து அடிக்கும் நாட்களில் அவருடைய பண்பாட்டுக்குக் குறைவே இராது. கணவரின் பழைய சேர்ட்டைப் போட்டு, துவாயால் முகத்தைச் சுற்றிக் கட்டி, மெசினை முதுகில் கொழுவிக்கொண்டு முதலில் எங்கள் வேலிக்கு வருவார்.

"பிள்ளை, உடுப்புக் காயுதெண்டால் எடும். யன்னலைச் சாத்தும். வாசல்லை நிண்டு வேடிக்கை பாக்காதையும்."

நான் உடனே எல்லா யன்னலையும் சாத்துவேன். கட்டிலுக்கு மேலே இருந்த சின்ன வெளிச்சத் துவாரத்துக்குத் துணி அடைப்பேன். பிறகு துணி போதுமா என்று யோசித்து, மேலே ஒரு பொலித்தீன் பையும் அடைப்பேன். வீட்டுப் பாத்திக்கு யன்னல் இல்லை என்பது அக்காவுக்கும் எனக்கும் அந்த நேரத்தில் நினைவுக்கு வந்ததே இல்லை. காற்று வரம்பைக் கண்டால் திரும்பிவிடும் என்று இரண்டு பேரும் நம்பினோம் போலிருக்கிறது.

இதிலே கேலி என்னவென்றால், நான் அரசாங்க உத்தியோகத்தர். அப்போது என் மேசையில் இருந்த கோப்பு சூழலுக்குப் பாதிப்பில்லாத விவசாயம் பற்றியது. மக்களுக்கு விழிப்புணர்வு ஊட்டுவது என் வேலை. அக்காவுக்கு நான் எதை ஊட்டுவது? எந்தப் போத்தலில் எந்த நிறத்தில் அபாயக் குறி இருக்கும், அடித்து எத்தனை நாளைக்குப் பிறகு காய் ஆயவேண்டும் என்பதெல்லாம் அவருக்கு என்னை விட வடிவாகத் தெரியும். அவரை விட விழித்திருந்த ஒருவரை நான் எங்கள் கூட்டங்களில் கண்டதில்லை.

ஒருமுறை துணிந்து கேட்டேன். "அக்கா, ஒரு பாத்தியையாவது அடிக்காமல் சந்தைக்குக் கொண்டுபோய்ப் பாத்தால் என்ன?"

"கொண்டுபோனனான். போன மாரியிலை. ஒரு மனிசி கையிலை எடுத்துப் பாத்திட்டு, 'உதென்ன, ஆட்டுக்கோ?' எண்டு கேட்டா. அவவும் உம்மை மாதிரி ஒஃபிசுக்குப் போறவதான், சீலையைப் பாக்கத் தெரியுது. பின்னேரம் எல்லாத்தையும் அப்பிடியே கட்டிக்கொண்டு வந்து ஆட்டுக்குத்தான் போட்டன்."

நான் அந்த மாரியில் இந்த ஊருக்கு வந்திருக்கவில்லை. இருந்தும் அந்தப் பெண் நானாக இருந்திருக்க முடியாது என்று எனக்கு நானே இரண்டு தடவை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

மகள் பிறந்தாள். எனக்குப் பால் போதாமல் போய், பால்மாவும் கரைத்துக் கொடுக்கவேண்டி வந்தது. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் கொடுங்கோ, ஐந்து நிமிடம் கொதித்தால் போதும் என்றார் மிட்வைஃப். நான் இருபது நிமிடம் கொதிக்கவைத்தேன். பரீட்சையிலும் மேலதிகத் தாள் வாங்கி எழுதுகிறவள்தான் நான்.

திருநெல்வேலியில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் என் சிநேகிதி பிள்ளை பார்க்க வந்தவள், போகும்போது ஒரு போத்தலில் எங்கள் கிணற்றுத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு போனாள். நான்தான் கெஞ்சிக் கொடுத்துவிட்டேன். இல்லாத வியாதிக்கு மருந்து தேடுகிறேன் என்று கணவர் சிரித்தார். ஒரு கிழமையில் அவள் தொலைபேசியில் அழைத்தாள்.

"நைத்திரேற்று கூடவாக் கிடக்கடி. பிள்ளைக்கு மா கரைக்கிறது இந்தத் தண்ணியிலையோ?"

"ஓம். ஆனா வடிவாக் கொதிக்கவைச்சுத்தான்."

"எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிசம்" என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

"விசரி, கொதிக்கவைச்சா அது போகாது. தண்ணிதான் ஆவியாப் போகும். மிச்சம் இன்னும் கடும்."

தோட்டத்துக்குப் போடும் உரம் மழையோடும் இறைப்போடும் கீழே இறங்கி, சுண்ணாம்புக்கல் வழியாகச் சுற்றியுள்ள கிணறுகளுக்கெல்லாம் வருகிறது என்று விளக்கினாள். மலசலகூடக் குழிகளுக்கும் அதில் பங்கு உண்டாம். அதாவது எங்கள் வீட்டுக்கும். சின்னக் குழந்தைகளுக்கு இது கூடினால் உடம்பு நீலம் பாரிக்கும் என்று சொல்லிவிட்டு, "பயப்பிடாதை" என்றாள். அவள் தொலைபேசியை வைத்த நேரத்தில் இருந்து மகளின் நகங்களைப் பார்க்கத் தொடங்கினேன். வெளிச்சத்தில் பார்த்தேன், நிழலில் பார்த்தேன், என் நகத்தோடு வைத்துப் பார்த்தேன். டொக்டர் சோதித்துவிட்டு, பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, அம்மாதான் கொஞ்சம் நித்திரை கொள்ளவேண்டும் என்றார்.

மாவுக்குச் சுத்திகரித்த தண்ணீர்க் கான் வாங்கினோம். என் பிரச்சினை அதோடு முடிந்தது. முடிந்ததாக நினைக்க எவ்வளவோ முயன்றேன். ஆனால் அக்காவின் மகள் முதல் பிரசவத்துக்குப் பங்குனியில் தாய்வீட்டுக்கு வர இருந்தாள். சொல்லாமல் விட்டால் பாவம். சொன்னால், கத்தரிக்காய் தந்த கைக்குக் குற்றப்பத்திரிகை நீட்டுவதுபோல. பதினொரு நாள் யோசித்து, ஆய்வுகூடத் தாளை நாலாக மடித்துக்கொண்டு போனேன்.

அக்கா வெங்காயம் கட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரை கையை நிறுத்தவில்லை.

"கிணத்துக்கை நான் உரம் போடேல்லையே பிள்ளை."

"தோட்டத்திலை போடுறது இறங்கி வருது அக்கா."

"வீட்டுப் பாத்திக்கு நான் ஒண்டும் போடுறேல்லை."

"அதுக்கும் இந்தக் கிணத்துத் தண்ணிதானே இறைக்கிறியள்?"

அப்போதுதான் கை நின்றது. தாளை வாங்கி, எழுத்து விளங்காததுபோலத் தூரப் பிடித்துப் பார்த்தார். அவருக்கு எழுத்து நன்றாக விளங்கும்.

அடுத்த நாள் அவருடைய குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில், இரண்டு தண்ணீர்க் கான் வந்து குந்தியிருந்தன. "இது எங்களுக்கு" என்று காட்டினார். பெரிய பெரிய மாநாடுகள் கூடித் தீர்க்க முடியாத ஒன்றை ஒரே நாளில் தீர்த்துவிட்டார். குடிக்கிற தண்ணீர் ஒன்று, கெடுக்கிற தண்ணீர் ஒன்று.

அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். "ஒழுங்கைக்குள்ளை இன்னும் மூண்டு வீட்டிலை கைப்பிள்ளையள் இருக்கு அக்கா" என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. அந்த ஒரு தடவைதான் நான் அதைக் கண்டேன்.

"அதுக்கு நான் என்ன செய்ய? ஊருக்கெல்லாம் கான் வாங்கிக் குடுக்கட்டோ? நீர் மாசம் முடியச் சம்பளம் எடுக்கிறனீர். எனக்கு உந்த மண்தான் சம்பளம்."

நான்கு நாள் வேலிக்கு மேலால் பை வரவில்லை. ஐந்தாம் நாள் பை இல்லாமல் அவரே வந்தார். வாசலில் நின்றபடியே, "எவ்வளவு குறைக்கவேணும்?" என்று கேட்டார்.

"என்ன அக்கா?"

"உரம். எனக்கு நித்திரை வருகுதில்லை. தோட்டத்துக்கு நடுவிலை வரம்பு கட்டலாம். கிணத்துக்கு நடுவிலை எப்பிடிக் கட்டுறது?"

என் கோப்பைப் புரட்டி, பாதியாகக் குறைத்து மிச்சத்துக்குச் சாணமும் இலைகுழையும் போடச் சொன்னேன். கோப்பில் அப்படித்தான் இருந்தது. கிணற்றுப் பக்கப் பாத்திகளுக்கு மருந்து அடிப்பதையும் அவராகவே நிறுத்தினார். அவருடைய தோட்டத்தில் வரம்பு கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் நகர்ந்ததைப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் அலுவலக அறிக்கையில் 'பயனாளி ஒருவர்' என்று எழுதினேன்.

அந்தப் போகத்தில் காய் சிறுத்தது. ஓட்டையும் விழுந்தது.

அந்தக் காய் சந்தைக்கு வந்த மாதம் எங்கள் அலுவலகத்தில் இயற்கை விவசாயம் பற்றி ஒரு முழுநாள் கூட்டம். மேலிடத்தில் இருந்து ஆட்கள் வருகிறார்கள். மத்தியானச் சாப்பாட்டு ஒழுங்கு என் பொறுப்பு. "காய் வெட்டேக்கை புழு வந்தால் நான் சமைக்கமாட்டன், சொல்லிப்போட்டன்" என்றார் சமைக்க வந்த அம்மா. கடமை தவறாத நான் விடியவே சந்தைக்குப் போய், ஒரு வியாபாரியிடம் கத்தரிக்காயாகப் பொறுக்கினேன். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, மினுக்கம் குறைந்ததை விலக்கி, காம்பைச் சுற்றி ஓட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, பை நிறைய எடுத்துக்கொண்டு திரும்பினேன். மூன்று அடி தள்ளி அக்கா இருந்தார். அவருக்கு முன்னால் சிறுத்த காய்க் குவியல், ஒருவர் கையும் படாமல்.

எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரியாது.

"என்ன பிள்ளை, வீட்டிலை விசேசமோ?"

"இல்லை அக்கா... ஒஃபிசிலை ஒரு மீற்றிங்."

"என்ன மீற்றிங்?"

பொய் சொல்ல வரவில்லை. "இயற்கை விவசாயம்" என்றேன்.

பக்கத்தில் வெண்டிக்காய் விற்ற பெண் வாய்விட்டுச் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. என் பைக்குள் கையை விட்டு ஒரு காயை எடுத்து, பெருவிரலால் துடைத்துப் பார்த்தார். தொழில் தெரிந்தவர் இன்னொருவரின் வேலையைப் பார்ப்பதுபோல.

"வடிவான காய். நான் அடிக்கிறதிலும் கூட அடிச்சிருக்கிறான்" என்றார். காயைப் பத்திரமாகத் திருப்பி வைத்தார். "பரவாயில்லை, மீற்றிங்குக்கு வாறவைக்குத்தானே."

பிறகு தன் குவியலில் இருந்து நல்லதாக எட்டுப் பத்துக் காயைப் பொறுக்கி ஒரு பையில் போட்டு நீட்டினார். "இது பிள்ளைக்கு அவிச்சு மசிச்சுக் குடும்."

நான் அதையும் வாங்கிக்கொண்டேன். வலது கையில் கூட்டத்துக்கு உரிய பை, இடது கையில் என் பிள்ளைக்கு உரிய பை. அன்றைக்குக் கூட்டம் மிகச் சிறப்பாக நடந்தது. கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். நன்றியுரையில் என் பெயரும் வந்தது.

சில மாதத்தில் கணவருக்கு இடமாற்றம் கிடைத்து நாங்கள் பருத்தித்துறைக்கு வந்துவிட்டோம். அக்காவின் மகள் பிரசவத்துக்கு வந்தவள், கணவனோடு அங்கேயே தங்கிவிட்டாள். பேத்திக்குக் கான் தண்ணீர். ஒழுங்கையில் மற்றவர்களுக்கு அவரவர் கிணறு. அக்கா அந்தப் பாதி உரக் கணக்கை இந்த நான்கு வருடமும் விடவில்லை. அதைப் பற்றிப் பிறகு யாரும் அவரிடம் கேட்கவில்லை, நானும்தான். சிநேகிதி போன மாதம் எடுத்துப் பார்த்த அந்தக் கிணற்றுத் தண்ணீரில் நைத்திரேற்று கொஞ்சம் குறைந்திருக்கிறதாம். சுற்றிவர எல்லோரும் முழு உரம் போடும்போது ஒரு தோட்டத்தால் எவ்வளவுதான் குறையும் என்றும் சேர்த்துச் சொன்னாள்.

போன கிழமை அக்கா அழைத்தார். சுகம் விசாரித்து, என் மகள் மரக்கறி சாப்பிடுகிறாளா என்று கேட்டு, கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார்.

"பிள்ளை, நடுகை வருகுது. எனக்கு இனி ஏலாமக் கிடக்கு. அரைவாசி போட்டால் காய் சிறுக்குது, சந்தையிலை ஆக்கள் திரும்பியும் பாக்கிறாங்களில்லை. புகையிலைக்காரன் ஒருத்தன் தோட்டத்தைக் குத்தகைக்குக் கேக்கிறான். குடுத்தால் அவன் என்ன போடுவான், எவ்வளவு போடுவான் எண்டு நான் கேக்கேலாது. குடுக்காமல் வைச்சிருக்கிறதெண்டால் நான் பழையபடி முழுக்கப் போடவேணும். நீர் படிச்சனீர். நீர்தான் குறைக்கச் சொன்னனீர். இப்பவும் நீரே சொல்லும், நான் என்ன செய்ய?"

"யோசிச்சுச் சொல்லுறன் அக்கா" என்றேன். "ஓம், யோசியும். வெள்ளிக்கிழமை உரக்கடைக்குப் போகவேணும்" என்றார்.

முழுக்கப் போடச் சொன்னால், நான் நான்கு வருடத்துக்கு முன் கொண்டுபோய்க் கொடுத்த தாளை நானே கிழிப்பதாகும். குத்தகைக்குக் கொடுக்கச் சொன்னாலும் அதேதான். அந்த ஒழுங்கையில் இப்போதும் கைப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பாதி போடச் சொன்னால் அந்தக் காயை விற்கும் வழியையும் நானே சொல்லவேண்டும். என் கோப்பில் அதற்குப் பக்கம் இல்லை. அலுவலகத்தில் கேட்டேன். எல்லோரும் நல்ல முயற்சி என்றார்கள். கிழமைக்கு ஒரு பை எடுப்பீர்களா என்று கேட்டேன். வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள்.

ஆகவே இதை வாசிக்கிறவர்களிடம் கேட்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அக்காவுக்கு நான் என்ன சொல்ல? அறிவுரை எவ்வளவு காரமாக இருந்தாலும் ஏற்றுக்கொள்வேன். ஒரேயொரு வேண்டுகோள். பாதி உரம்தான் சரி என்று எழுதுகிறவர்கள், எந்தக் கிழமை, எந்தச் சந்தையில் வந்து அந்தச் சிறுத்த காயை வாங்குவீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நான் அதை அக்காவுக்கு வாசித்துக் காட்டவேண்டும்.